வடிசாலைச் சக்கையும் நம் ஊர்ப் பாலும்

ஒரு தொழிலின் கழிவு மற்றோர் உயிருக்கு உணவாகுமாயின் அதனை வேண்டாமென்பார் யார்? நம் தென்பாண்டி நாட்டில் மாடு வளர்ப்போர் இவ்வுண்மையை நூல்வழிக் கற்றவரல்லர், கைவழிக் கற்றவர். அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் குளுதாடிக்குச் செல்லும். எள்ளும் கடலையும் ஆட்டிய செக்கினின்று பிண்ணாக்கு வரும். பஞ்சினைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் கறவை மாட்டுக்கு வைப்பர். இராஜபாளையம் பஞ்சாலைகளாற் பெயர் பெற்ற ஊர், பி. ஏ. ஸி. இராமசாமி ராஜா அவர்கள் அங்கே முதல் ஆலையை நிறுவியது 1936-ஆம் ஆண்டில். அவ்வாலைகளுக்கு வேண்டிய பஞ்சு இந்நாளிற் பெரும்பாலும் வெளி மாநிலங்களிலிருந்து வருகின்றதாயினும், கரிசற்காட்டுப் பருத்தியின் பஞ்சு மாந்தருக்கு ஆடையாகவும் கொட்டை மாட்டுக்குத் தீவனமாகவும் பிரிந்து சென்ற வழக்கம் மறையவில்லை. அங்கிருந்து மூன்று காத தூரமுமில்லாத ஸ்ரீவில்லிபுத்தூரோ பால்கோவாவுக்குப் பெயர் பெற்றது. அவ்வினிப்புக்கு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஓர் ஊரின் கொட்டையும் மற்றோர் ஊரின் இனிப்பும் பசுவின் வயிற்றிலே சந்தித்தன என்று கூறினால் அது வெறும் புனைந்துரை ஆகாது.

இப்பழைய ஒழுங்கினுள் இப்போது புதியதொரு சரக்கு நுழைந்திருக்கின்றது. தானியத்தைப் புளிக்கவைத்துச் சாராயம் இறக்கும் ஆலைகளில் எஞ்சும் சக்கையே அது. தீவன வியாபாரிகள் அதனை 'டி.டி.ஜி.எஸ்.' என்று எழுத்துக்களாற் சுட்டுவர். யாம் இக்கட்டுரையில் வடிசாலைச் சக்கை என்றே வழங்குவோம். கோழித் தீவனத்திலும் கலப்பு மாட்டுத் தீவனத்திலும் நாடெங்கும் இது பரவி வருகின்றது. கழிவைத் தீவனமாக்குவதாற் சுற்றுப்புறம் காக்கப்படுகின்றது என்று இதனைப் போற்றுவோர் கூறுகின்றனர். அக்கூற்றில் எவ்வளவு மெய், எவ்வளவு குறை என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

முதலில் சக்கை பிறக்கும் வகையை அறிதல் வேண்டும். மக்காச்சோளத்தையோ குருணை அரிசியையோ மாவாக அரைத்து, நீரிற் கலந்து வேகவைப்பர். நொதிகளைச் சேர்த்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவர். அதன்பின் ஈஸ்ட்டு இட்டுப் புளிக்கவைப்பர். புளித்ததைக் கொதிக்கவைத்துச் சாராயத்தை ஆவியாக்கி இறக்குவர். அடியில் தங்கும் குழம்பைச் சுழல் யந்திரத்தில் இட்டுப் பிழிந்தால் ஈரச்சக்கை ஒரு பக்கமும் நீர்த்த கழுநீர் மறுபக்கமும் பிரியும். கழுநீரைச் சுண்டவைத்துப் பாகாக்கி மீண்டும் சக்கையோடு சேர்த்து, சுழலும் பெரிய உருளைகளில் அனற்காற்றால் உலர்த்துவர். ஓராயிரம் கிலோ மக்காச்சோளத்திலிருந்து ஏறக்குறைய 380 லிட்டர் சாராயமும் 300 கிலோ அளவில் உலர்ந்த சக்கையும் கிடைக்கும். எஞ்சியது கரியமில வாயுவாகிக் காற்றிற் கலக்கும். கணக்கைச் சுருக்கினால், தானியம் மூன்று கூறாகின்றது: ஒரு கூறு சாராயம், ஒரு கூறு வாயு, ஒரு கூறு சக்கை.

இந்த மூன்றில் ஒன்று என்னும் அளவை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பின்வருவன யாவும் அதனையே சார்ந்தன. மாவுச்சத்து மட்டுமே சாராயமாகிப் போகின்றது. ஏனைய யாவும் சக்கையிலேயே தங்குகின்றன. ஆதலின் தானியத்தில் நூற்றுக்கு ஒன்பதாக இருந்த புரதம் சக்கையில் இருபத்தேழாகின்றது. கொழுப்பும் அவ்வாறே, எரியம் என்னும் பாஸ்பரமும் அவ்வாறே. நல்லது மும்மடங்காகுமிடத்தில் தீயதும் மும்மடங்காகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

சங்கச் செய்யுள் பயில்வோர் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். கள் சமைக்கும் பெண்டிர் பாத்திரம் அலம்பி ஊற்றிய நீர் ஒழுகிச் சேறாகின்றது. அதில் பன்றிகள் குட்டிகளோடு புரளுகின்றன. ஆனால் உணவுக்கென்று கொழுக்கவைக்கும் ஆண்பன்றியைக் குழியில் நிறுத்தி, நெல்லின் மாவை ஊட்டி வளர்க்கின்றனர். கழிவு சேறாயிற்று; மாவு உணவாயிற்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டிய இந்த எல்லையை இக்கால வடிசாலை அழித்துவிட்டது. அது சேற்றையே உலர்த்தி மாவாக்கி மூட்டையிற் கட்டுகின்றது. அதனை இகழவேண்டியதில்லை; அறிவின் வெற்றிதான் அது. ஆயினும் சேற்றில் என்ன கலந்திருந்தது என்று கேட்கும் கடமை அந்நாளிற் பன்றி வளர்த்தவருக்கு இருந்ததிலும் இந்நாளில் நமக்கு மிகுதி.

இச்சரக்கு இவ்வளவு பெருகியதற்குக் காரணம் குடியன்று, மோட்டார் வண்டி. மதுவிலக்கைப் போற்றும் கல்லூரியில் இருந்துகொண்டு வடிசாலையைப் பற்றி எழுதுவோன் உடனே குடிகாரனைத் திட்டத் தொடங்குவான் என்று எதிர்பார்ப்பார் உளர். அவர்கள் ஏமாற்றம் அடைவர். பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கவேண்டும் என்னும் இலக்கை இந்திய அரசாங்கம் முதலில் 2030-ஆம் ஆண்டுக்கு வைத்தது. பின்னர் 2025-க்கு முற்படுத்தியது. அவ்வாண்டிலேயே எட்டியும் விட்டது. தொடக்கத்திற் கரும்பே இதற்கு மூலமாக இருந்தது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குச் செலவிடுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டின் நடுவில் அரசாங்கக் கிடங்கு அரிசியும் ஆலைகளுக்கு நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே மக்காச்சோளத்தின் மேற் பார்வை விழுந்தது. மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு என்று உயர்ந்த விலையும் வைக்கப்பட்டது. 2023-இல் தமிழ்நாட்டரசும் எத்தனாலுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2024-இல் மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு அதனை இறக்குமதி செய்யும் நாடாக மாறிற்று.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பகுதிகளில் மக்காச்சோளம் பயிரிடும் குடியானவருக்கு இதனால் நன்மை உண்டு. விலை ஏறினால் அவர் வருந்தப்போவதில்லை. 2018-இல் படைப்புழு என்னும் புதிய பூச்சி இந்நாட்டிற் புகுந்து தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைச் சூறையாடியதை அவர் மறந்திருக்கமாட்டார். அத்தகைய இழப்புகளைக் கண்டவருக்கு ஒரு நல்ல விலை வருவதை நாம் தடுத்துப் பேசுவது முறையன்று. ஆனால் அதே குடியானவர் வீட்டுத் தொழுவத்தில் இரண்டு கறவை மாடுகள் நிற்கின்றன. அவர் மனைவியார் நாள்தோறும் இருவேளையும் கறந்து சங்கத்திற் கொண்டுபோய் ஊற்றுகின்றார். தானியத்தை விற்ற கையும் சக்கையை வாங்கும் கையும் ஒரே வீட்டில் உள்ளன. ஆதலால் இது ஊருக்கும் ஆலைக்கும் இடையிலான வழக்கு மட்டுமன்று. ஒரு வீட்டின் வரவும் செலவும் ஆகும்.

சக்கையைத் தீவனமாக்குவதில் உள்ள நன்மையை மறைக்கவேண்டியதில்லை. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து சாராயம் இறக்கும் ஆலைகளில் ஒரு லிட்டர் சாராயத்துக்கு 8 முதல் 15 லிட்டர் வரை கருநிறக் கழிவுநீர் வெளிப்படும். அது ஆற்றிற் கலந்தால் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சி மீனினத்தை மாய்க்கும். தானிய ஆலையின் குழம்பையும் அவ்வாறு வெளியே விட்டால் விளையும் தீங்கு பெரிது. அது தீவனமாகும்போது ஆறு தப்புகின்றது. சோயாப் பிண்ணாக்குக்கென்று வேண்டிய நிலத்தில் ஒரு பகுதியும் மிஞ்சுகின்றது. சக்கையிலுள்ள கொழுப்பினால் மாட்டின் வயிற்றில் உண்டாகும் மீத்தேன் வாயு சற்றுக் குறையும் என்றும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆனால் புரதம் அளவுக்கு மிஞ்சினால் அது சிறுநீரிற் கழிந்து, சாணக்குவியலினின்று நைட்ரஸ் ஆக்சைடாக எழும். அதுவும் பூமியை வெப்பமாக்கும் வாயுவே. ஒரு கையாற் பெற்றதை மறுகையால் இழந்தவாறு.

உலர்த்துவதற்கு ஆகும் எரிபொருளைப் பலர் கணக்கிற் சேர்ப்பதில்லை. ஈரச்சக்கையில் நூற்றுக்கு 65 முதல் 70 பங்கு நீர். நம் ஊர் வெயிலில் அது நான்கைந்து நாளிற் கெட்டுப் பூஞ்சை பிடித்துவிடும். அதனை உலர்த்தி மூட்டையில் அடைப்பதற்குத் தானிய வடிசாலை செலவிடும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செலவாகின்றது. நிலக்கரியோ உமியோ எரித்தே அந்த வெப்பம் உண்டாகவேண்டும். ஆலைக்கு அருகிலுள்ள மாடுகளுக்கு ஈரமாகவே கொடுத்தால் இச்செலவு முழுதும் மிச்சம். நூறு மைல் அப்பாலுள்ள மாட்டுக்குக் கொடுப்பதாயின் உலர்த்தியே தீரவேண்டும். எனவே ஒரே சக்கை, ஆலையடியில் உண்ணப்படும்போது சுற்றுப்புறத்துக்கு நட்பாகவும், தொலைவிலிருந்து லாரியேறி வரும்போது அத்துணை நட்பில்லாததாகவும் இருக்கின்றது. (இராஜபாளையத்து வெயிலைப் பார்த்தவர், ஏன் வெயிலிற் காயவைக்கலாகாது என்று கேட்கக்கூடும். மெல்லக் காயும் ஈரமாவு பூஞ்சைக்கு விருந்தாகும் என்பதே விடை.)

நீரைப்பற்றிச் சுருங்கக் கூறினால் போதும். கரும்பிலிருந்து பெறும் ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பயிர் முதற்கொண்டு சுமார் 2860 லிட்டர் நீர் வேண்டும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. மழையை நம்பி விளையும் மக்காச்சோளம் இவ்வகையிற் கரும்பினும் மேலானது. ஆயினும் ஆலை நிற்கும் ஊரின் நிலத்தடி நீர் வேறு கணக்கு. பஞ்சாபில் ஜீரா என்னும் ஊருக்கு அருகே தானிய எத்தனால் ஆலை தங்கள் கிணற்று நீரைக் கெடுத்தது என்று கிராமத்தார் 2022 ஜூலையில் வாயிலில் அமர்ந்தனர்; 2023 ஜனவரியில் அவ்வாலை மூடப்படும் என்று அம்மாநில முதலமைச்சர் அறிவித்தார். மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் வைப்பாற்றுப் படுகையில் வாழும் நாம் இவ்வரலாற்றைத் தெரிந்து வைத்திருத்தல் நன்று.

இனி என் மனத்தை மிகுதியும் வருத்தும் பொருளுக்கு வருகின்றேன். அது பூஞ்சை நஞ்சு.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் காரணந் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, பிரேசில் நாட்டினின்று வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிற் படர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் நஞ்சே காரணம் எனக் கண்டனர். அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். கல்லீரலிற் புற்றுநோயை உண்டாக்கவல்ல அந்நஞ்சு, ஈரத்தோடு குவித்துவைத்த மக்காச்சோளத்திலும் கடலையிலும் பருத்திக்கொட்டையிலும் தோன்றும். ஆகவே நம் பழைய பிண்ணாக்கு குற்றமற்றது என்று நான் வாதிக்கப் புகவில்லை. அதனிலும் இது உண்டு.

ஆனால் சக்கைக்கு ஒரு தனிக் குறை உண்டு. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருட் கொள்கை, மாந்தர் உண்ணத் தகாதபடி கெட்டுப்போன தானியங்களையும் எத்தனாலுக்குப் பயன்படுத்தலாம் என்று இடங்கொடுத்தது. மேலெழுந்தவாரியாக நோக்கினால் இதனினும் சிறந்த ஏற்பாடு இல்லை; வீணாவது விறகாகின்றது. இறங்கும் சாராயத்தில் நஞ்சு கலப்பதில்லை என்பதும் மெய், அது ஆவியாவதன்று. வேகவைத்தலுக்கும் புளித்தலுக்கும் அழிவதுமன்று. அப்படியாயின் எங்கே போயிற்று? சக்கையிலே தங்கிற்று, மும்மடங்காகத் தங்கிற்று. அச்சக்கையை மாடு உண்டால் நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்கும். உண்டதில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கும், மிகுதியாகக் கறக்கும் மாடுகளில் ஆறு பங்கு வரையும் பாலுக்கு வரும் என்பர். மனிதன் தனக்கு ஆகாதென்று வாசலில் தள்ளிய தானியம் கொல்லைப்புற வழியாகக் குழந்தையின் பாற்கிண்ணத்துக்கு வந்து சேருகின்றது. பெட்ரோலின் கணக்கில் இது வரவு. பாலின் கணக்கில் இதனை எழுதுவார் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். கலப்பு மாட்டுத் தீவனத்தில் இந்நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு தானியத்தில் 15 இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது எல்லைக்குட்பட்டதே, அதன் சக்கையிலோ 45. பத்துப் பங்கு தீவனத்தில் ஒரு பங்கு இச்சக்கையைச் சேர்த்தால் பெருந் தீங்கில்லை. மலிவாகக் கிடைக்கின்றது என்று பாதிக்குப் பாதி சேர்த்தால், மற்றப் பாதி எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் எல்லையைக் கடந்துவிடும். சோயாப் பிண்ணாக்கைவிடச் சக்கை மலிவானது என்பதையும், மலிவான சரக்கு எப்போதும் கலவையில் ஏறுமுகமாகவே செல்லும் என்பதையும் தீவனக்கடை அறிந்தவர் யாவரும் ஒப்புவர்.

நம் பகுதியில் மக்காச்சோளம் அறுவடையாவது பெரும்பாலும் தைமாதத்தை ஒட்டி. களம் போதாமையாற் கதிர்களையும் மணிகளையும் தார்ச்சாலையின் ஓரத்திற் பரப்பிக் காயவைப்பதை நாம் காண்கின்றோம். வானம் பொய்க்காதிருந்தால் நன்று. 2021 ஜனவரியில் தென்மாவட்டங்களிற் பருவந் தவறிப் பெய்த மழையைப் போன்றது மீண்டும் வந்தால், நனைந்த மணி கறுக்கும். கோழிப்பண்ணைக்காரர் அதனை வாங்க மறுப்பர். அப்போது கறுத்த மணியை வாங்க ஒரு வடிசாலை காத்திருக்குமாயின் குடியானவர் அதனை வாழ்த்தியே விற்பார். அவரைக் குறைகூற யாரால் முடியும்? ஆனால் அம்மணியின் சக்கை எங்கே செல்கின்றது என்பதை அவரும் அறியார். அதனை உண்ட பசுவும் அறியாது.

இது வெறும் ஐயமா? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. தண்ணீர் கலத்தல் முதலிய பழைய குற்றங்களைக் காட்டிலும் இந்தப் பூஞ்சை நஞ்சே பெருங்குறையாக அதில் வெளிப்பட்டது. 368 மாதிரிகளில் அது எல்லை மீறியிருந்தது. எல்லையாவது கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். அம்மாதிரிகள் மிகுதியாக எங்கிருந்து வந்தன? தமிழ்நாட்டிலிருந்து; அவற்றின் தொகை 88. மக்காச்சோளச் சக்கை பெருகுவதற்கு முன்னரே இந்நிலை. ஆகவே அப்போதைய குற்றத்தைச் சக்கையின் மேற் சுமத்துவது நீதியன்று. ஏற்கெனவே நிறைந்திருந்த குடத்தில் மும்மடங்கு செறிந்த ஒன்றை ஊற்றுகின்றோமே என்பதே என் கவலை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இக்கவலை ஏனை ஊர்களிலும் கூடுதலாக இருக்கவேண்டும். பாலைக் கொதிக்கவைத்தால் இந்நஞ்சு அழியாது. பால்கோவாவுக்காக அடுப்பிலேற்றிய பால் சுண்டிச் சர்க்கரையோடு சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடையாகின்றது. நீர் மட்டுமே ஆவியாகின்றது. வடிசாலையில் ஒருமுறை செறிந்தது வாணலியில் மறுமுறை செறிகின்றது. பால், சர்க்கரை என்னும் இரண்டு பொருளாலேயே தன் பெயரைக் காத்துவரும் அவ்வினிப்பின்மேல் ஒரு நாள் ஒரு சோதனைச்சாலை அறிக்கை வந்து விழுந்தால், கடைவீதியில் எத்தனை குடும்பங்கள் அல்லற்படும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், பாலைக் காக்காது.

வடிசாலையும் பாலும் சேர்ந்த கதைக்கு உலக வரலாற்றில் முன்னோடி ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நியூயார்க்கு நகரில் வடிசாலைகளை ஒட்டியே மாட்டுக் கொட்டில்களைக் கட்டி, ஆலையினின்று கொதிக்கக் கொதிக்க வந்த கழுநீரையே மாடுகளுக்கு ஊட்டினர். மாடுகள் இருட்டறையிற் கட்டுண்டு புண்பட்டன; பால் நீலம் பாரித்தது. அதனை வெண்மையாக்கச் சுண்ணப்பொடி முதலியவற்றைக் கலந்தனர். அதனைக் குடித்த குழந்தைகள் பலர் மாண்டனர். மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹார்ட்லி என்னும் கிறிஸ்தவர் 1842-இல் பாலைப்பற்றி ஒரு நூலெழுதி இதனை வெளிப்படுத்தினார். கேட்பாரில்லை. 1858-இல் பிராங்க் லெஸ்லி என்பவர் தம் பத்திரிகையிற் படங்களோடு வெளியிட்டபின்னரே ஊர் விழித்தது. நகரசபையார் அமைத்த குழுவோ ஆலைக்காரருக்குச் சார்பாகவே கூறிற்று. 1862-இல்தான் சட்டம் வந்தது. ஹார்ட்லி எழுதியதற்கும் சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டு. அக்காலக் கழுநீரும் இக்கால உலர்சக்கையும் ஒன்றல்ல. அன்று அதுவே முழு உணவு, இன்று அது உணவின் ஒரு பகுதி. ஆயினும் ஆலை தன் கழிவைத் தள்ளிவிடும் அவசரமும், மாட்டுக்காரர் மலிவை நாடும் கட்டாயமும் அன்றுபோலவே இன்றும் உள்ளன.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நெபிராஸ்கா மாகாணத்து மீடு என்னும் சிற்றூரில் ஓர் எத்தனால் ஆலை, பூச்சிமருந்து பூசிய விதை மக்காச்சோளத்தில் விற்காமல் மிஞ்சியதை வாங்கிப் பயன்படுத்திற்று. மருந்தும் சக்கையிலே செறிந்தது. எந்தப் பிராணிக்கும் கொடுக்கத் தகாத சக்கை மலைபோற் குவிந்து கிடந்தது. 2021 பெப்ரவரியில் அவ்வாலை மூடப்பட்டது. படைப்புழுவுக்கு அஞ்சி விதைக்கு மருந்து பூசும் வழக்கம் நம் நாட்டிலும் வந்துவிட்டமையால், மிஞ்சிய விதை எங்கே செல்கின்றது என்று கேட்டுவைப்பது மிகையன்று.

சாணத்திற் பாஸ்பரம் மிகுந்து கண்மாய்களில் ஆகாயத்தாமரை படரும் என்று சிலர் அச்சமூட்டுவர். லட்சக்கணக்கிற் கோழிகளை ஓரிடத்தில் அடைக்கும் பண்ணைகளுக்கு அது பொருந்தலாம். வீட்டுக்கு இரண்டு மூன்று மாடுகள் நிற்கும் நம் கிராமங்களில், சாணத்தில் உரம் கூடினால் கரிசல்மண் அதனை மகிழ்ந்து ஏற்கும். இதனைத் தீமைகளின் வரிசையிற் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்படியாயின் சக்கையை விலக்கவேண்டுமா? வேண்டா. விலக்கினால் அது ஆற்றுக்குச் செல்லும். என் கருத்து இதுதான்: கெட்ட தானியத்தினின்று வந்த சக்கை கறவை மாட்டுக்குச் செல்லலாகாது, அதனை ஆலையின் கொதிகலனில் எரித்தோ, சாணவாயு முறையில் வாயுவாக்கியோ தீர்த்துவிடுதல் வேண்டும். நல்ல தானியத்தின் சக்கை தாராளமாக வரட்டும். இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? ஆலை ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து, தானியம் இன்னது, சோதித்த நாள் இன்னது, கண்ட நஞ்சின் அளவு இவ்வளவு என்று மூட்டையின் மேலேயே அச்சிடல் வேண்டும். சோதனை அரிதான வித்தையன்று. சில நிமிஷங்களில் விடைகூறும் சோதனைப் பட்டைகள் வந்துவிட்டன.

இச்செலவு யாருடையது என்பதிலேதான் நீதி இருக்கின்றது. பாற்சங்கத்திற் கொழுப்பும் ஏனைச் சத்தும் அளந்து விலை கொடுக்கின்றனர். நாளைக்கு நஞ்சையும் அளக்கத் தொடங்கினால், குறை கண்ட பாலை யார் தலையில் ஊற்றுவர்? இரண்டு மாடு வைத்திருக்கும் அம்மையார் தலையில்தான். அவர் மூட்டையை விலைகொடுத்து வாங்கினாரேயன்றி அதன் உள்ளிருப்பதை உண்டாக்கவில்லை. பால் கறக்குமிடத்தில் பிடிக்கும் குற்றத்தைச் சக்கை பிறக்குமிடத்திற் பிடித்துவிட்டால், நூறு வீடுகளில் நடக்கவேண்டிய சோதனை ஓரிடத்தில் முடிந்துவிடும். ஆலைக்கு எத்தனால் விலை அரசாங்கத்தால் உறுதி செய்யப்பட்டிருக்கின்றது. பால் ஊற்றுபவருக்கு அத்தகைய உறுதி இல்லை. உறுதி பெற்றவரே செலவை ஏற்கட்டும்.

அதுகாறும் மாடு வளர்ப்போர் செய்யத்தக்கன சில உண்டு. சக்கையைத் தீவனத்திற் சிறு பங்காகவே வைக்கலாம். மூட்டையை மண்தரையில் இடாமற் பலகைமேல் அடுக்கி, மழைச்சாரல் படாமற் காக்கலாம். கட்டிபிடித்ததையும் பூஞ்சை நாற்றம் உடையதையும் மாட்டுக்கு வையாமல் ஒழிக்கலாம். நஞ்சுள்ள தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாட்களிற் பால் தெளிந்துவிடும் என்பது ஆறுதலான செய்தி. ஆனால் நிறுத்தவேண்டிய மூட்டை எது என்று அறிந்தாலன்றோ நிறுத்துவது? பருத்திக்கொட்டை வாங்குவோர் கடையில் ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தே விலை பேசுவர்; பிண்ணாக்கை மோந்து பார்த்தே வாங்குவர். சக்கையின் நஞ்சு பல்லுக்கும் மூக்குக்கும் அகப்படுவதன்று. மூட்டையின் மேல் எழுத்தும் எண்ணும் வேண்டுமென்று கேட்கத் தமிழ் படித்தவர் போதும். அவ்வெண் மெய்யா என்று பார்க்க, நம் கல்லூரி இரசாயனப் பகுதி நண்பர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இரண்டு கைப்பிடி சக்கையைத் தாளிற் பொதிந்து வருவார்களாயின், அடுத்த ஆண்டு மலரில் இக்கட்டுரையினும் பயனுள்ள ஒன்றை அவர்கள் எழுதலாம்.